கதிருக்கு யார் எழுதித் தருவது?

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. தேர்வுத்தாளெல்லாம் திருத்தி முடித்துவிட்டு நிதானமாக எழுதலாம் என்று தள்ளிப் போட்டேன், கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. படி ஏறுவதை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் குறைத்துக்கொள்.

கதிர் பதினோராம் வகுப்பை முடிக்கப் போகிறானா! கல்லூரி விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது என்று கேட்டிருந்தாய். இங்கே அமெரிக்கப் பள்ளியில் வருஷா வருஷம் இப்படிக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருக்கும் டீச்சராகவே பதில் சொல்கிறேன்.

உன் கொழுந்தனாரின் நண்பர், பெரிய கம்பெனி இயக்குநர், எழுதித் தருகிறேன் என்றாராம். வேண்டாம் வசந்தி. அவர் கதிரை இரண்டு கல்யாணத்தில் பார்த்திருப்பார். கல்லூரி கேட்பது வகுப்பறையில் அவன் எப்படிப்பட்டவன் என்பதை. அதைச் சொல்ல அவனுக்குப் பாடம் நடத்தியவரால்தான் முடியும்.

சில வருஷம் முன்பு ஒரு பெண் என்னிடம் கடிதம் கேட்டாள். என் வேதியியல் வகுப்பில் எல்லாத் தேர்விலும் ஏ வாங்கியவள். உடனே சரி என்றேன். எழுத உட்கார்ந்தால் அவள் முகம் ஞாபகம் இருக்கிறது, மதிப்பெண் ஞாபகம் இருக்கிறது, வேறொன்றும் வரவில்லை. ‘கடின உழைப்பாளி, பொறுப்பானவள்’ என்று எழுதி அனுப்பினேன். யார் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற வார்த்தைகள். ‘உன்னை என்னைவிட நன்றாகத் தெரிந்தவரிடம் கேளம்மா’ என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கும் உறுத்துகிறது.

அதே வருஷம் பி பிளஸ் வாங்கும் ஒரு பையன். டைட்ரேஷன், அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிக்கும் சோதனை, செய்தபோது மூன்று முறையும் அவனுக்கு விடை ஒத்துப்போகவில்லை. மதிய இடைவேளையில் திரும்பி வந்து, சொட்டுவிடும் அளவுக் குழாயான பியூரெட்டின் முனையில் சிக்கியிருந்த காற்றுக்குமிழியைக் கண்டுபிடித்தான். மறுநாள் பக்கத்து மேசைப் பிள்ளைகளிடமும் போய், ‘உங்களுடையதையும் பாருங்கள்’ என்றான். அவனுக்கான கடிதத்தை ஒரே மூச்சில் எழுதினேன். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில், ஆசிரியர் நிரப்பும் படிவத்தில் கடிதத்தோடு மாணவரைத் தரப்படுத்தும் கட்டங்களும் உண்டு. ‘என் பணிக்காலத்தில் கண்ட மிகச் சிறந்த சிலரில் ஒருவர்’ என்பதுதான் அதில் உச்சம். அவனுக்கு அதை யோசிக்காமல் குறித்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், கதிர் இயற்பியலில் முதல் பருவம் சி வாங்கி, விடாமல் போய்ச் சந்தேகம் கேட்டு மேலே வந்தான் என்று எழுதியிருந்தாயே, அந்த ஆசிரியரையே கேட்கட்டும். அவன் தடுமாறியதையும் எழுந்ததையும் கண்ணால் பார்த்தவர் அவர். இன்னொருவர் ஆங்கிலமோ வரலாறோ நடத்தியவராக இருக்கட்டும். எம்.ஐ.டி. என்கிற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், கணிதம் அல்லது அறிவியலில் ஒருவர், மொழி, வரலாறு போன்ற பாடங்களில் ஒருவர் என்றே கேட்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகமோ விண்ணப்பத்தோடு கடிதமே கேட்பதில்லை.

கேட்கப் போவது கதிராக இருக்க வேண்டும், நீ இல்லை. கோடை விடுமுறைக்கு முன்பே, நேரில். பல கல்லூரிகளுக்கு முன்கூட்டியே விண்ணப்பம் போடுவதற்குக் கடைசி நாள் நவம்பர் 1. செப்டம்பரில் எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் வந்து நிற்கும்போது எனக்கே தலை சுற்றும். ‘என்னைப் பற்றி நிறைவாக எழுத உங்களால் முடியுமா?’ என்று கேட்கச் சொல். எதிரே இருப்பவர் தயங்கினால், நன்றி சொல்லிவிட்டு வேறொருவரிடம் போவது நல்லது. ஒப்புக்கொண்டால் ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுக்கட்டும். பரிசுப் பட்டியல் வேண்டாம், அது விண்ணப்பத்திலேயே இருக்கும். அந்த வகுப்பில் தனக்குப் புரியாமல் போனது, பிடித்துப்போனது, மனம் மாறியது என்று இரண்டு மூன்று நிகழ்ச்சிகள் போதும்.

நமக்கு அன்று சார், ‘நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்றாரே, அது இங்கே நடக்காது. கடிதம் நேராகக் கல்லூரிக்குப் போய்விடும். சேர்ந்த பிறகு அதைப் பார்க்கும் உரிமையை 1974ஆம் ஆண்டுச் சட்டம் மாணவருக்குத் தருகிறது. அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகப் படிவத்தில் குறிப்பிடச் சொல். அப்போதுதான் ஆசிரியர் மனம் திறந்து எழுதினார் என்று கல்லூரி நம்பும்.

பள்ளி கவுன்சிலரும், அதாவது மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகரும், ஒரு கடிதம் எழுதுவார். ஒருவருக்கு 250 மாணவர் என்பது அவர்கள் சங்கத்தின் பரிந்துரை. பல அரசுப் பள்ளிகளில் அதைவிட அதிகம். கதிரை அவருக்கு எப்படித் தெரியும்? இப்போதே நேரம் வாங்கி இரண்டு முறை போய் உட்கார்ந்து பேசட்டும்.

அந்த ஒரு பக்கக் குறிப்பை எழுதியதும் எனக்குப் போன் செய்து படித்துக் காட்டச் சொல். ஞாயிறு காலை வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
மீனாட்சி