மாலாவுக்கு, நான் சொன்ன பதினெட்டைப் பற்றி

அன்புள்ள மாலா,

ஆறு வாரமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. வேலை, உடம்பு என்று காரணம் சொல்ல எனக்கு மனமில்லை. என் காரின் மைலேஜ் என்று நான் உன்னிடம் சொன்ன ஒரு எண் தவறு. அதை எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கியே நாள் ஓடிவிட்டது. இங்கே எல்லோரும் நலம். அம்மா உன்னை விசாரித்தார். ஜெயந்தியின் விவகாரம் நீ நினைத்தபடியே முடிந்தது, அதை நேரில் சொல்கிறேன்.

அன்று ஊர் போய்ச் சேர்ந்ததும் உன்னைக் கூப்பிட்டு, "லிட்டருக்குப் பதினெட்டு தருகிறது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்றேன் அல்லவா? அந்தப் பதினெட்டு பொய்யில்லை. 548 கிலோமீட்டர், 30.8 லிட்டர். வகுத்துப் பார், 17.8 வரும். சித்தப்பாவின் நீல நோட்டு மாதிரி நானும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அது போகும்போது வந்த கணக்கு. திரும்பி வரும்போது 521 கிலோமீட்டருக்கு 42.6 லிட்டர் போனது. அதாவது 12.2. அதே கார், அதே சாலை, ஓட்டியதும் நான்தான். நீ என் பேச்சை நம்பி அதே மாதிரி காம்பாக்ட் எஸ்யூவிக்கு முன்பணம் கட்டிவிட்டாய் என்று கேள்விப்பட்டபோது எனக்குப் பகீரென்றது.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். போகும்போது நாங்கள் மூன்று பேர். அவசரம் இல்லை, தொண்ணூறு, தொண்ணூற்றைந்தில் போனோம். வரும்போது ஐந்து பேர், கூரைமேல் சாமான் பெட்டி. அடுத்த நாள் காலை ஒரு வேலை இருந்ததால் நேரான சாலையில் நூற்றுப்பதினைந்து, நூற்றிருபது. அன்றைக்குப் பார்த்து எதிர்க்காற்று வேறு. பெட்டியைக் கட்டிய பட்டை வழி முழுக்க ஊங் ஊங் என்று உறுமிக்கொண்டே வந்தது. அந்தச் சத்தமே எரிபொருள் கரையும் சத்தம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

போகும்போது டேங்க் காலியாகாமலே ஊர் போய்ச் சேர்ந்தோமே, முழு டேங்க்கில் தாராளமாக வீடு வரலாம் என்று நினைத்து நடுவில் எங்கும் நிரப்பவில்லை. மலையடிவாரத்துக்கு வந்தபோது இன்னும் 96 கிலோமீட்டர் போகலாம் என்று திரை காட்டியது. அப்போது இருட்டிவிட்டது. மேலே ஏற வேண்டியது 30 கிலோமீட்டர்தான், உச்சியில் பங்க் இருக்கிறது. சரி என்று ஏறினேன். ஐந்து கிலோமீட்டர் போவதற்குள் 96 என்பது 81 ஆனது. அப்புறம் ஒவ்வொரு வளைவிலும் நான்கு, ஐந்து என்று இறங்கியது. ஏசியை அணைத்தேன். பின் இருக்கையில் அம்மாவுக்கு வியர்த்தது. ஏன் அணைத்தாய் என்று அவர் கேட்கவில்லை, முன்னால் குனிந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபுறமும் ஒரு விளக்கு இல்லை, போனில் சிக்னல் இல்லை. பங்க்கின் வெளிச்சம் தெரிந்தபோது திரையில் 22. முப்பது கிலோமீட்டர் போவதற்குள் 74 கிலோமீட்டர் கரைந்திருந்தது. வண்டியை விட்டு இறங்கியபோது என் கால் நடுங்கியது, மாலா. என்னோடு வந்தவர்களில் ஒருவர் 78 வயதுக்காரர் என்பதை அந்த மலையில்தான் முழுசாக உணர்ந்தேன்.

வீட்டுக்கு வந்தபின் இரண்டு வாரம் இதே யோசனைதான். படித்தேன், கேட்டேன், கணக்குப் போட்டேன். அந்தத் திரை கடைசியாக ஓடிய கொஞ்ச தூரத்தை வைத்து இனி போகக்கூடிய தூரத்தைக் கணிக்கிறது. அடிவாரத்துக்கு முன்னால் சமவெளியில் லாரிகளுக்குப் பின்னால் மெதுவாக வந்தோம், அதை வைத்து 96 என்று சொன்னது. முன்னால் மலை இருப்பது அதற்குத் தெரியாது. 1,700 கிலோ எடையை 900 மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டுமே, இன்ஜின் வீணாக்கும் வெப்பத்தையும் சேர்த்தால், ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் வேண்டும். சமதளத்தில் ஓடச் செலவாவது அதற்குமேல் தனி. போகும்போது அதே மலையில் இறங்கியதும் பதினெட்டு வர ஒரு காரணம். அதை நான் கவனிக்கவே இல்லை.

மலையைவிடப் பெரிய ஆள் காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. நூறில் போகிறவர் நூற்றிருபதுக்குப் போனால் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, தடையோ 44 சதவீதம் கூடுகிறது. நூறிலேயே போனாலும் எதிரே இருபது கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் அதே கதைதான். நெடுஞ்சாலை வேகத்தில் நம் வண்டி செலவழிக்கும் சக்தியில் பெரும்பங்கு காற்றைத் தள்ளத்தான். காம்பாக்ட் என்பது நீளத்துக்குத்தானே தவிர உயரத்துக்கு இல்லை. உன் பழைய செடான் காற்றில் நுழைந்து போகும், இது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகும். அதன் தலையில் நான் ஒரு பெட்டியையும் ஏற்றி வைத்தேன். வேகமான சாலையில் பெரிய கூரைப் பெட்டி ஒன்றே 10 முதல் 25 சதவீதம் வரை மைலேஜைத் தின்னும் என்று அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனக் குறிப்புகள் சொல்கின்றன. இத்தனையும் செய்து எனக்கு மிச்சமானது நாற்பது நிமிடம்.

கையேட்டில் போட்டிருக்கும் எண்ணைக் காட்டி ரவி உன்னோடு வாதாடுவான், தெரியும். அது சோதனைக்கூடத்தில் உருளைகள்மேல் ஓட்டி எடுத்த எண் என்று சொல். ஐரோப்பாவில் 2017 முதல் வந்த டபிள்யூஎல்டிபி (WLTP) என்ற மைலேஜ் சோதனை பழையதைவிட எவ்வளவோ நல்லது. ஆனாலும் அது அரை மணி நேரம், 23 கிலோமீட்டர் சொச்சம், சராசரி வேகம் 46 சொச்சம், ஏசி கிடையாது. ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிட அது உதவும். உன் பயணத்துக்கு எத்தனை லிட்டர் வேண்டும் என்று அது சொல்லாது. அப்புறம், இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுவதை அவன் இன்னும் விடவில்லையா? கியரில் இருந்தபடி காலை எடுத்தால் இன்ஜெக்டர் எரிபொருளை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடிக்கும். பிரேக்குக்குத் துணையும் போய்விடும். நான் சொன்னதாகவே சொல்.

கணக்கு வாத்தியார் மகளுக்கு ஒரு புதிர். 17.8, 12.2 இரண்டுக்கும் சராசரி என்ன? பதினைந்து என்று உடனே சொல்லியிருப்பாய், நானும் அப்படித்தான் சொன்னேன். 1,069 கிலோமீட்டரை 73.4 லிட்டரால் வகுத்துப் பார், 14.6தான். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற எண்களை அப்படியே கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று வைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை. போகும்போது 5.6, வரும்போது 8.2. அப்படிப் பார்த்தால்தான் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது மனதில் தைக்கிறது. திரையில் தெரியும் மைலேஜையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதே. திரும்பி வந்தபோது அது 13.1 என்று காட்டியது. பங்க்கில் கைப்பிடி தானாக 'டக்'கென்று நிற்கும் வரை நிரப்பு, கிலோமீட்டரைச் சுழியாக்கு, அடுத்த முறையும் அதே முதல் 'டக்'கில் நிறுத்து. எட்டு லிட்டர் போட்டுவிட்டுக் கணக்குப் பார்க்காதே. நிரப்புவதில் அரை லிட்டர் முன்பின் ஆனாலே விடை ஆறு சதவீதம் மாறிவிடும்.

இவ்வளவையும் எழுதுவதற்குக் காரணம் உன் அப்பா. அடுத்த மாதம் அவரை அழைத்துக்கொண்டு அத்தனை தூரம் போகப்போவதாக ஜெயந்தி சொன்னாள். வண்டியைப் பற்றிப் பயப்படாதே. அது நல்ல வண்டி, உயரமான இருக்கை, அவருக்கு முழங்கால் மடக்காமல் ஏறி இறங்க வசதி. ஆனால் 12 என்று வைத்துத் திட்டம் போடு, பதினெட்டு என்று வைக்காதே. பாதி டேங்க் ஆனதும் நிரப்பிவிடு, மலைக்கு முன்னால் கட்டாயம் நிரப்பு. கூரைப் பெட்டி வேண்டாம், சாமானைக் குறைத்துக்கொள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஆளும் சாமானும் நிறைந்தால் டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்று தனியாகப் போட்டிருப்பார்கள். காலையில் டயர் சூடாவதற்கு முன் அந்த அளவுக்கு அடித்துக்கொள். ரவி நூறைத் தாண்டினால் எனக்கு போன் போட்டு அவனிடம் கொடு.

வண்டி கைக்கு வந்து இரண்டாவது முறை டேங்க் நிரப்பியதும் எனக்கு எழுது. எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர், இரண்டும் வேண்டும். திரை காட்டுவது வேண்டாம்.

அன்புடன்,
உன் கலா