கல்மண்டபம் ஏன் பாதியில் நின்றது

தாம்பரம்,
ஞாயிறு மாலை.

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வியாழனன்று கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்ற செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். என் முழங்கால் வலி முன்போலத்தான் இருக்கிறது. மாடிப்படியைத் தவிர மற்றதெல்லாம் சௌகரியம். மீதிக் குடும்பச் சேதிகளைத் தொலைபேசியில் பேசிக்கொள்வோம். உன் கடிதத்தின் முக்கால் பங்கு நீ வேர்ட்பிரஸ் மென்பொருளில் நடத்தும் வலைப்பதிவைப் பற்றிய புலம்பலாக இருப்பதால், இந்தப் பதிலையும் முழுக்க அதற்கே ஒதுக்குகிறேன்.

முதலில், உன்னை அதிகமாகப் பயமுறுத்தியிருக்கும் எழுத்துக் குழப்பம். தளம் இருக்கும் கணினியான வழங்கியை மாற்றிய மறுநாள் பழைய பதிவுகளெல்லாம் ‘பூச்சி பூச்சியாக’ மாறிவிட்டன என்று எழுதியிருக்கிறாய். நீ அனுப்பிய திரைப்பிடிப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தலையில் சாய்கோடு போட்ட ரோமன் ‘ஏ’, அதையடுத்து வட்டத்துக்குள் அடைபட்ட ‘ஆர்’, பிறகு ஏதோ ஒரு குறி, மறுபடியும் அதே ‘ஏ’ என்று வரிவரியாக ஓடுகிறது. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது என்றால் நீ கோபித்துக்கொள்ளக் கூடாது. எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியாக்க முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஒன்றே. இரண்டாவது பைட் இரண்டே இரண்டில் ஒன்று. மூன்றாவதில்தான் ‘க’வா ‘த’வா என்ற வேறுபாடு இருக்கிறது. அந்த மூன்றையும் ஒரே எழுத்தாகப் படிக்காமல், பழைய இலத்தீன் குறியாக்கம் என்று நினைத்துத் தனித்தனியாகப் படித்தால் முதலில் அந்த ‘ஏ’யும் அடுத்து பெரும்பாலும் வட்டமிட்ட ‘ஆர்’ குறியும் வரும். ஆகவே நீ பார்ப்பது அழிந்த எழுத்து அன்று, தவறாகப் படிக்கப்பட்ட எழுத்து. பைட்டுகள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன.

இதற்குப் பதிலாக வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். தமிழுக்கு இடமே இல்லாத குறியாக்கத்துக்குள் எழுத்தைத் திணிக்கும்போது, பதிவுகளைச் சேமித்துவைக்கும் தரவுத்தளம் தனக்குத் தெரியாத ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியை எழுதிவைத்துவிடும். அப்படி எழுதிய பிறகு மூலத்தை மீட்க எந்த வழியும் கிடையாது, பழைய காப்புநகல்தான் கதி. அதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. சேமிப்பு சரியாக இருந்து, தளத்துக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான இணைப்பு மட்டும் தவறான குறியாக்கத்தில் இருந்தாலும் கேள்விக்குறிதான் தெரியும். அதனால் எந்த முடிவுக்கும் வருமுன் தரவுத்தளத்தின் உள்ளே பார்க்க உதவும் பிஎச்பிமைஅட்மினைத் திறந்து, பதிவுகள் இருக்கும் அட்டவணையில் நேரடியாக ஒரு பதிவைப் பார்த்துவிட வேண்டும். அங்கே தமிழ் தமிழாகத் தெரிந்தால், கோளாறு வேர்ட்பிரஸின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் குறியாக்கத்தைச் சொல்லும் ஒற்றை வரியில் இருக்க வாய்ப்பு அதிகம். அதை யூடிஎஃப்8எம்பி4 என்று திருத்தினால் போதும். அங்கேயும் பூச்சிதான் என்றால், இலத்தீன் என்று குறிக்கப்பட்டிருக்கும் நெடுவரிசையை முதலில் வெறும் இருமத் தரவாக மாற்றி, பிறகு யூடிஎஃப்8எம்பி4 என்று அறிவிக்க வேண்டும். இடையில் இருமமாக மாற்றும் அந்தப் படியைத் தவிர்த்து நேரே மாற்றினால், பூச்சியையே சரியான எழுத்து என்று நம்பி அது பூச்சியாகவே சேமித்துவைக்கும். இதை உயிருள்ள தளத்தில் செய்யாதே. தரவுத்தளத்தின் நகலில் செய்து பார்.

‘எம்பி4’ என்ற அந்த வால் எதற்கு என்று நீ கேட்பாய். வேர்ட்பிரஸ் பயன்படுத்தும் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்லில் வெறும் ‘யூடிஎஃப்8’ என்று நெடுங்காலம் வழங்கியது, ஒரு குறிக்கு 3 பைட்டுக்கு மேல் ஏற்காத அரைகுறை. தமிழ் எழுத்துகள் 3 பைட்டுக்குள் அடங்கிவிடுவதால் நமக்கு அந்தக் குறை தெரியவில்லை. 4 பைட் எடுக்கும் முகபாவச் சின்னங்கள், அதாவது எமோஜிகள், வந்தபோதுதான் பலருக்கும் தெரிந்தது. வேர்ட்பிரஸ் 2015இல் தன் 4.2 பதிப்பிலிருந்து புதிய முறைக்கு மாறியது. கல்வெட்டுகளைப் பற்றி எழுதுகிற உனக்கு இது முகபாவச் சின்ன விவகாரம் மட்டுமன்று. மா, காணி போன்ற பின்னக் குறிகளும் பழைய அளவைக் குறிகளுமாக 51 குறிகள் 2019இல் உலக எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிக்கோட்டின் 12.0 பதிப்பில் சேர்க்கப்பட்டன அல்லவா? அவை வழக்கமான தமிழ்த் தொகுதியில் இடம்பெறாமல் தனித் தொகுதியில் இருப்பதால் ஒவ்வொன்றும் 4 பைட். நிலக்கொடைக் கல்வெட்டு ஒன்றை அந்தக் குறிகளோடு நீ பதிவேற்றி, அட்டவணை பழைய முறையில் இருந்தால், குறி நிற்காது. எழுத்துருவும் தனியாக வேண்டும். கூகுளின் நோட்டோ எழுத்துரு வரிசையில் அதற்கென்றே ஒன்று இருக்கிறது.

இரண்டாவது, வாட்ஸ்அப்பில் பகிர்ந்த இணைப்பு முழநீளத்துக்கு வருகிறது, தலைப்பும் பாதியில் வெட்டுப்படுகிறது என்ற முறையீடு. ‘தாமிரபரணிக் கரையின் கல்மண்டபங்கள்’ என்ற உன் பதிவின் முகவரியை எடுத்துக்கொண்டு ஒரு தாளில் எண்ணிப் பார்த்தேன். முகவரியில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் விழுக்காட்டுக் குறியும் எண்களும் எழுத்துகளும் கலந்த 9 இடங்களை எடுத்துக்கொள்கிறது. வேர்ட்பிரஸ் முகவரிப் பெயருக்கு ஒதுக்கியிருப்பதோ 200 இடம். ‘தாமிரபரணிக்’ என்பது புள்ளியையும் துணைக்குறிகளையும் தனித்தனியே எண்ணினால் 11 குறி, 99 இடம். இணைப்புக்கோடு ஒன்று. ‘கரையின்’ 7 குறி, 63 இடம். மீண்டும் ஒரு கோடு. ஆக 164 போய்விட்டது. மிச்சமுள்ள 36 இடத்தில் நான்கே நான்கு குறிகள் நுழையும்: க, ல, புள்ளி, ம. உன் கல்மண்டபம் ‘கல்ம’ என்று நின்றுபோனதற்குக் காரணம் இவ்வளவுதான். 200 என்று அளவு வைத்தவர் ஆங்கிலத் தலைப்பை மனத்தில் வைத்திருக்கிறார். அவருக்கு அது தாராளம், நமக்கு 22 குறி.

இதற்கு நான் செய்வது, பதிவை வெளியிடுமுன் முகவரிப் பெட்டியில் ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று சொற்களைக் கையால் எழுதிவிடுவது. தமிழில்தான் முகவரி இருக்க வேண்டும் என்று வாதிடுகிற அன்பர்கள் உண்டு. அவர்கள் ஒற்றைத் தமிழ்ச் சொல்லை வைத்துக்கொள்ளட்டும், அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. நாம் பிளாகரில் எழுதிய நாள்களில் தமிழ்த் தலைப்பைக் கண்டதும் அது கைவிரித்துவிட்டு ‘பிளாக்-போஸ்ட்’ என்று பெயரிட்டுப் பின்னால் ஓர் எண்ணை ஒட்டியதை நினைத்துப் பார். அதைவிட ‘கல்ம’ மேல். ஏற்கெனவே வெளியான பதிவின் முகவரிப் பெயரை மாற்றுவதற்கு அஞ்ச வேண்டாம். பழைய பெயரை வேர்ட்பிரஸ் நினைவில் வைத்துக்கொண்டு, அதைத் தேடி வருபவரைப் புதிய முகவரிக்கு அனுப்பிவிடும். அதற்கென்று, கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் செருகுநிரல் (பிளகின்) எதுவும் தேவையில்லை.

செருகுநிரல் என்றதும் என் சொந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். நீ 24 செருகுநிரல்களின் பட்டியலைப் பெருமையாக அனுப்பியிருக்கிறாய்; எனக்கு 17 இருந்தன, ஒரு நாளில் 6 ஆயின. நான் இடம் வாங்கியிருக்கும் வழங்கிக்காரர்கள் ஓரிரவில், வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழியான பிஎச்பியை 7.4இலிருந்து 8க்கு ஏற்றினார்கள். முன்னறிவிப்பு அனுப்பியிருக்கிறார்கள், குற்றம் அவர்களுடையதன்று, படிக்காதது நான். காலையில் காபியோடு தளத்தைத் திறந்தால், கடுமையான பிழை ஏற்பட்டிருக்கிறது என்ற ஒற்றை வரியைத் தவிர வேறொன்றும் இல்லை. நிர்வாகப் பக்கமும் திறக்கவில்லை. வேர்ட்பிரஸின் 5.2 பதிப்பிலிருந்து இத்தகைய நேரத்தில் தள நிர்வாகிக்கு ஒரு மின்னஞ்சல் போகும். எந்தச் செருகுநிரல் காரணம் என்பதும், மீட்பு முறையில் உள்ளே நுழைவதற்கான இணைப்பும் அதில் இருக்கும். எனக்கும் போயிருக்கிறது. ஆனால் தளத்தில் நான் பதிந்துவைத்திருந்தது, பணியிலிருந்து ஓய்வு பெற்றதோடு மூடப்பட்ட அலுவலக முகவரி. நீ இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், பொது அமைப்புகளில் உன் மின்னஞ்சல் முகவரி எது என்று பார்ப்பது.

அஞ்சல் கிடைக்காததால் நீண்ட வழியில் போனேன். வழங்கியின் நிர்வாகப் பலகையான சிபேனலில் கோப்பு மேலாளரைத் திறந்து, செருகுநிரல்கள் இருக்கும் அடைவின் பெயரோடு ஓர் எழுத்தைச் சேர்த்தேன். அடைவைக் காணாத வேர்ட்பிரஸ் எல்லாச் செருகுநிரல்களையும் அணைத்துவிட, தளம் ஓரப்பட்டியும் படிவங்களும் இல்லாமல் ஆனால் பதிவுகள் முழுமையாக எழுந்து வந்தது. பெயரைப் பழையபடி மாற்றிவிட்டு, ஒவ்வொன்றாக இயக்கத் தொடங்கினேன். ஒன்பதாவதில் மறுபடியும் அதே ஒற்றை வரி. அது என்னவென்று நினைக்கிறாய்? ஓரப்பட்டியில் நாளுக்கொரு குறளைக் காட்டுவதற்காகப் பத்தாண்டுகளுக்கு முன் நான் நிறுவி, அதன் பிறகு எட்டிக்கூடப் பார்க்காத குட்டிச் செருகுநிரல். அதை எழுதியவர் பயன்படுத்தியிருந்த ‘கிரியேட் ஃபங்ஷன்’ என்ற கட்டளை பிஎச்பி 7.2இலேயே கைவிடத் தக்கது என்று அறிவிக்கப்பட்டு, 8.0இல் அடியோடு நீக்கப்பட்டது. ஒரு குறளுக்காக எழுநூறு பதிவுகள் அரைநாள் இருட்டில் கிடந்தன.

நான் பட்ட பாட்டை நீ பட வேண்டாம். டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் பிழையறியும் அமைப்பை இயக்கி, அதன் வெளிப்பாட்டைத் திரையில் காட்டாமல் பதிவேட்டுக் கோப்பில் எழுதும்படி வைத்தால், எந்தக் கோப்பின் எத்தனையாவது வரியில் தளம் இடறியது என்பது அதில் இருக்கும். பாதையில் செருகுநிரலின் பெயரே தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் அமைப்பை அணைத்து அந்தக் கோப்பையும் நீக்கிவிடு, அது வெளியார் கண்ணில் படத் தக்கதன்று. தளம் திறக்கிறது, ஆனால் ஏதோ ஒன்று மட்டும் சரியில்லை என்ற நிலையில் ‘ஹெல்த் செக்’ என்ற செருகுநிரல் உதவும். அதன் சோதனை முறையில் மற்றவை எல்லாம் உனக்கு மட்டும் அணைந்திருக்கும். வாசகர்களுக்குத் தளம் வழக்கம்போல் தெரியும். அப்போதும் ஒவ்வொன்றாகப் போகாதே. 24இல் 12ஐ இயக்கிப் பார், கோளாறு அந்தப் பாதியில் உண்டா இல்லையா என்று தெரியும். பிறகு 6, பிறகு 3. ஐந்து முறைக்குள் பிடித்துவிடலாம்.

என்னிடம் மிஞ்சிய ஆறில் உனக்குச் சொல்லத் தக்கவை மூன்று. காப்புநகலுக்கு அப்டிராஃப்ட்பிளஸ், வாரம் ஒரு முறை தரவுத்தளத்தையும் படங்களையும் கூகுள் டிரைவில் கொண்டுபோய் வைக்கிறது. தளம் இருக்கும் அதே வழங்கியில் நகலை வைப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது போலத்தான். எரிதம் எனும் குப்பைப் பின்னூட்டங்களைத் தடுக்க அகிஸ்மெட். மூன்றாவது பெட்டர் சர்ச் ரீப்ளேஸ். உன் தளத்தின் இணையப் பெயரான களப்பெயர் மாறினால் பழைய முகவரிகளை மாற்ற உதவும். அதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், தரவுத்தளத்தில் சில அமைப்புகள் ‘இத்தனை பைட் நீளமுள்ள சொல்’ என்று நீளத்தையும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கும். நேரடியாகத் தேடி மாற்றினால் சொல் மாறும், நீளம் பழையதாகவே நிற்கும், அந்த அமைப்பு முழுவதும் படிக்க முடியாமல் போகும். இந்தச் செருகுநிரல் நீளத்தையும் திருத்திவிடுகிறது. படிக்க ஆகும் நேரத்தைக் காட்டுவதையும் பதிவைப் பிடிஎஃப் ஆக்குவதையும் உன் பட்டியலில் பார்த்தேன். இரண்டையும் எடுத்துவிடலாம். முன்னது ஆங்கிலச் சொற்களின் கணக்கில் தமிழை அளக்கிறது. பின்னது உன் பதிவில் ஒற்றைக்கொம்பை எழுத்துக்குப் பின்னால் தள்ளியிருப்பதை நீ கவனிக்கவில்லை போலும்.

காலை 6 மணிக்கு நேரம் குறித்த பதிவு 11.30க்கு வருகிறது என்று எழுதியிருந்தாய். நேர மண்டலம் இன்னும் உலகப் பொதுநேரத்தில் (யூடிசி) இருக்கிறது, கொல்கத்தா என்று மாற்று. மாற்றிய பிறகும் சில நாள் பத்து இருபது நிமிடம் தாமதமானால் வியப்படையாதே. யாராவது தளத்துக்கு வந்தால்தான் வேர்ட்பிரஸின் கடிகாரம் விழித்துக்கொள்ளும், அதிகாலையில் உனக்கு வாசகர் குறைவு. முகப்பில் ஒவ்வொரு பதிவின் சுருக்கமும் அரைப்பக்கம் நீள்வதற்குக் காரணம், இயல்பாக அது 55 சொற்களை எடுத்துக்கொள்வது. நம் சொற்களோ ‘நின்றுகொண்டிருந்தவர்களிடமிருந்து’ வரை நீளக்கூடியவை. சுருக்கத்தை நீயே எழுதிவிடு, நன்றாகவும் இருக்கும்.

கடைசியாக ஒன்று. ஔவையார் கோயில் பற்றிய உன் பதிவு தேடலில் சிக்குவதில்லை என்றாயே, போய்ப் பார்த்தேன். தலைப்பில் ஔகாரத்தை ஒரே குறியாகத் தட்டாமல் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டியிருக்கிறாய். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோல்தான் தெரிகிறது. எந்திரத்துக்கு அது ‘ஒளவையார்’, வேறொரு சொல். பௌத்தம், மௌனம் எல்லாவற்றிலும் இதே பழக்கம் உன்னிடம் இருக்கக் கூடும். பெட்டர் சர்ச் ரீப்ளேஸில் ‘ஒளவை’யை ‘ஔவை’யாக மாற்றச் சொல், ஆனால் முதலில் ஒத்திகை ஓட்டத்தில் எத்தனை இடம் என்று பார்த்துக்கொள். வெறும் ‘ஒள’வை மட்டும் கொடுத்துவிடாதே, உன் ‘ஒளி’யெல்லாம் ‘ஔி’யாகிவிடும்.

பொங்கலுக்கு முன் ஒரு நாள் அம்பாசமுத்திரம் வருகிறேன், அந்த நெடுவரிசை மாற்றத்தை உன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சேர்ந்தே செய்வோம். அதுவரை தரவுத்தளத்தின் முழு நகலை இறக்கி ஒரு பென்டிரைவில் வைத்திரு. பூச்சியாகத் தெரிந்தாலும் பதிவுகளில் கைவைத்துத் திருத்தாதே, திருத்திய பகுதியைப் பிறகு தனியாகப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். சிபேனல் கடவுச்சொல்லை இந்தக் கடிதத்துக்கு எழுதும் பதிலில் அனுப்பிவிடாதே. தொலைபேசியில் சொல், குறித்துக்கொள்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்