எந்தப் படத்துக்கும் பொருந்தும் கவிதை

அன்புள்ள கோமதி,

மகளின் வளைகாப்புக்கு வராததற்காக நீ திட்டி அனுப்பிய குரல்பதிவை மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் நீ சொன்னது நியாயமாகவே இருந்தது. முழங்கால் வலி என்றது பாதி உண்மை; மீதிப் பாதி அரையாண்டு விடைத்தாள் கட்டு. இங்கே எல்லாரும் சுகம். அவர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து சமையலறையில் ஆராய்ச்சி நடத்துகிறார். போன வாரம் பாகற்காய் அல்வா. நம் விடுதிச் சாம்பாரையே சமாளித்தவள் நான் என்பதால் உயிரோடு இருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு குற்றம் செய்திருக்கிறேன். பல வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன், இப்போதுதான் பிடிபட்டேன்.

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று ஒரு வினா உண்டு. 5 மதிப்பெண். ஒரு படம் இருக்கும், பார்த்துத் தோன்றியதை எழுத வேண்டும். மற்றதெல்லாம் மனப்பாடம், இந்த ஓர் இடத்திலாவது பிள்ளை தன் வாயைத் திறக்கட்டும் என்று யாரோ நல்ல மனதோடு வைத்த வினா. ஆனால் மெல்லக் கற்போர் என்று நாம் பெயர் வைத்திருக்கும் பிள்ளைகள் அதை வெறுமையாக விட்டுவிடுவார்கள். 35 எடுக்கத் தவிக்கிறவனுக்கு 5 என்பது சின்ன எண்ணா? ஒருநாள் பஸ்ஸில் வரும்போது டிக்கெட்டின் பின்புறம் எழுதத் தொடங்கி, இறங்குவதற்குள் எட்டு வரி முடித்தேன்.

காட்சியைக் கண்டேன், கவலை மறந்தேன்,
மாட்சியை உணர்ந்தேன், மனம் நிறைந்தேன்...

இந்த ரீதியில் போகும். எதுகை சுத்தம், மோனை சுத்தம், பொருள்தான் கிடையாது. எந்தப் படத்துக்கும் பொருந்த வேண்டும் என்று பார்த்துப் பார்த்து அதை எடுத்துவிட்டேன். சிரிக்காதே. பெருமாள் சார் அன்றே சொன்னார், 'சரசு, உனக்கு யாப்பு வரும், கவிதை வராது' என்று.

அது பரவிய வேகம் உனக்குத் தெரியாது. ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் போட்டேன், அவ்வளவுதான். விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரு தாளைத் திறந்தால் என் கவிதை. முன்பின் தெரியாத ஏதோ ஒரு மாவட்டத்துப் பிள்ளை, நான் அவசரத்தில் விட்ட ஒற்றுப்பிழை உட்பட அப்படியே எழுதியிருந்தது. என் கவிதைக்கு நானே ஐந்துக்கு ஐந்து போட்டேன். பெருமையாகக்கூட இருந்தது, போ.

இந்த அரையாண்டில் என்ன படம் தெரியுமா? ஓர் ஆள் கோடரியால் பெரிய மரத்தை வெட்டுகிறான். என் வகுப்பில் 38 பேர். மரம் சாய்வதைப் பார்த்து 37 பேர் 'காட்சியைக் கண்டேன், கவலை மறந்தேன்' என்று எழுதியிருந்தார்கள். முதல் பத்துத் தாள் வரை சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை, கோமதி. ஒரு பிள்ளைகூடப் படத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையே இல்லாமல் செய்து வைத்திருக்கிறேன்.

முப்பத்தெட்டாவது பையன் கடைசி பெஞ்சு. அவன் எழுதியது இது:

'மரம் வெட்டுகிறவருக்கு வேர்க்கிறது. மரத்தின் நிலலில் நின்றுதான் வெட்டுகிறார். மதியத்துக்கு மேல் எங்கே நிற்பார்?'

நிழலுக்குச் சின்ன 'ல'. நடை உரைநடை. எட்டு வரிக்குப் பதில் மூன்று. பிழையில் சிவப்பு வட்டம் போட்டு 2 கொடுத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன். இரவு பாத்திரம் கழுவும்போதுதான் 'மதியத்துக்கு மேல் எங்கே நிற்பார்' மண்டையில் வந்து உட்கார்ந்தது.

மறுநாள் அழைத்துக் கேட்டேன். அவன் அப்பா மரம் வெட்டும் கூலிக்குப் போகிறவர். லீவு நாளில் இவன் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோவானாம். 'காலையில் அப்பா நிழல் விழுகிற பக்கம் நின்றுதான் தொடங்குவார், டீச்சர்' என்றான். நாமெல்லாம் மரத்தைக் காப்போம் என்று முழங்கும் இடத்தில், இவன் வெட்டுகிறவனின் வேர்வையைப் பார்த்திருக்கிறான். அதற்கு 2!

உன் பள்ளியை நினைத்துக்கொண்டேன். செயல்வழிக் கற்றல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி உங்கள் ஊர் வரை வந்தபோது, சுவரைச் சுற்றிக் குழந்தைகளின் உயரத்துக்குக் கரும்பலகை அடித்தார்களே, ஆளுக்கொரு கட்டம் என்று. ஒருமுறை வந்திருந்தபோது உன் ஒன்றாம் வகுப்பு வாண்டு ஒன்று தன் கட்டத்தில் நான்கு கால் மயில் வரைந்துவிட்டு, 'இது ஓடுகிற மயில்' என்று என்னிடம் வாதாடியது. அதே குழந்தை ஒன்பது வருடம் கழித்து என் வகுப்பில் உட்கார்ந்து 'எத்தனை வரி எழுத வேண்டும் டீச்சர்?' என்று கேட்கிறது. நடுவில் என்னதான் ஆகிறது?

2012இல் முப்பருவ முறை வந்ததே, வகுப்பிலேயே செய்து பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவக் கடைசித் தேர்வான தொகுத்தறிக்கு 60 என்று. அந்த நாற்பதில் பிள்ளைகள் தாமாக ஏதாவது செய்து பார்க்கட்டும் என்றார்கள். நாம் செயல்திட்டம் என்று சொல்லி முடிப்பதற்குள் பள்ளி வாசல் கடையில் ஒட்டும் படத்தாள் விற்றுத் தீர்ந்தது. மேலிருந்து கதவைத் திறக்கவே இல்லை என்று பாதிக் கூட்டங்களில் நான்தான் கத்துவேன். திறந்த கதவுக்கெல்லாம் அச்சடித்த திரை தைத்துப் போட்டதும் நான்தான்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் இப்போது ஒரு காரியம் செய்கிறேன். சிவப்பு மை படாத நோட்டு. பிழை திருத்த மாட்டேன், மதிப்பெண் கிடையாது, படிக்க மட்டும் செய்வேன். முதல் வாரம் பாதிப் பேர் என் கவிதையையே எழுதி நீட்டினார்கள். இரண்டாவது வாரம், பள்ளிக்கு வரும் வழியில் இன்று மட்டும் கண்ட ஒன்றை எழுதச் சொன்னேன். ஒரு பெண், டீக்கடைக்காரர் முதல் டீயைத் தரையில் ஊற்றுவதை எழுதியிருந்தாள். யாருக்கு ஊற்றுகிறார் என்று கேட்க பயமாக இருந்ததாம். நன்றாக எழுதுவதைச் சேர்த்து மாணவர் இதழ் ஒன்றுக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். அப்படிச் சொன்னதும் எல்லாரும் மறுபடி 'இயற்கை அன்னை'க்குத் திரும்பிவிடுவார்களோ என்று பயந்து இன்னும் வாயைத் திறக்கவில்லை.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். கெட்டவர் இல்லை. 'பொதுத்தேர்வுத் தாளை நீங்களா திருத்தப் போகிறீர்கள், அம்மா? திருத்துகிறவர் அன்று எத்தனையாவது தாளில் இருப்பாரோ' என்றார். பதில் இல்லை. முகாமில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து மணி பார்த்துக்கொண்டே திருத்துகிறவள்தானே நான்?

பையனின் தாளில் 2ஐ அடித்து 5 போட்டேன். 'நிலலில்' வட்டத்தை மட்டும் அழிக்கவில்லை, தமிழாசிரியை இல்லையா. சந்தோஷப்படுவான் என்று பார்த்தால், தாளை மடித்தபடி, 'பரவாயில்லை டீச்சர், பொதுத்தேர்வில் உங்கள் கவிதையையே எழுதிவிடுகிறேன், மனப்பாடம் செய்துவிட்டேன்' என்றான். என்னைச் சமாதானப்படுத்துகிறானாம்.

தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. அவன் ஏற்கெனவே 40ஐச் சுற்றித் தள்ளாடுகிறவன். 'உன்னுடையதை எழுது' என்று நான் சொல்லி, யாரோ ஒரு சரசு அதற்கு 2 போட்டுவிட்டால்? நீ எனக்கு எப்போதும் தாட்சண்யம் பார்த்ததில்லை, இப்போதும் பார்க்காதே. அவனிடம் என்ன சொல்லட்டும்? குரல்பதிவு வேண்டாம், எழுது.

உன்,
சரசு

பின்குறிப்பு: பேரனோ பேத்தியோ, பிறந்த அன்றே சொல்லிவிடு. சேலை வாங்கி வைத்தாயிற்று. அல்வா கொண்டுவர மாட்டேன், பயப்படாதே.