மேற்குறி உள்ள இட்'ஸ், இல்லாத இட்ஸ்

உ
சிவமயம்

காரைக்குடி

அன்பு ஆத்தாவுக்கு,

அப்பச்சி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உன் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இட்ஸ் (its, அதனுடைய), இட்'ஸ் (it's, இட் இஸ் என்பதன் சுருக்கம்) போன்ற ஆங்கிலச் சொற்களில் அபாஸ்ட்ரஃபி என்கிற மேற்குறியை வேண்டாத இடத்தில் போடுகிறார்கள், வேண்டிய இடத்தில் விட்டுவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். கவனக்குறைவு என்று திட்டாதே. இரண்டும் வெவ்வேறு தப்பு, காரணமும் வேறு.

வேண்டாத இடத்தில் போடுவதற்கு நாம்தான் வழி காட்டியிருக்கிறோம். 'டாக்'ஸ் டெயில்' என்று சொல்லிக்கொடுத்தோம். உடைமை என்றால் மேற்குறி என்று பிள்ளை பிடித்துக்கொண்டது. 'அதன் வால்' என்று எழுதும்போதும் அதையே போடுகிறது. 1787-இல் கையால் எழுதிய அமெரிக்க அரசியல் சாசனத்திலேயே உடைமைப் பொருளில் மேற்குறி போட்ட இட்'ஸ் இருக்கிறது. நம் பிள்ளைகளை என்ன சொல்ல?

இதற்கு ஹிஸ் கைகொடுக்கும். ஹிஸ், ஹர்ஸ், அவர்ஸ், யுவர்ஸ், தேர்ஸ், இட்ஸ் என்று ஆறையும் போர்டில் ஒரே வரிசையில் எழுது. ஹிஸ்ஸுக்கு நடுவே யாரும் மேற்குறி போடுவதில்லை. அதன் தம்பிதான் இட்ஸ் என்று சொல். ஆனால் 'பிரதிப்பெயர் எதற்குமே மேற்குறி கிடையாது' என்று சொல்லிவிடாதே. சம்படி'ஸ், ஒன்'ஸ் இரண்டுக்கும் உண்டு. கெட்டிக்காரப் பிள்ளை கேட்டுவிடும். 'இந்த ஆறுக்கும், ஹூஸுக்கும் (whose) கிடையாது' என்று சொன்னால் போதும்.

வேண்டிய இடத்தில் விட்டுப்போவது தமிழால் வருகிறது. 'அது பெரிய வீடு' என்கிறோம். இதில் இஸ் எங்கே இருக்கிறது? அதனால் 'இட்'ஸ் எ பிக் ஹவுஸ்' என்பதில் முதல் சொல்லைப் பிள்ளை ஒரே சொல்லாக விழுங்கிவிடுகிறது. உள்ளே ஒரு வினை ஒளிந்திருப்பது தெரிவதில்லை. ஆகவே முதல் வாரம் சுருக்கமே வேண்டாம். இட் இஸ், யூ ஆர், தே ஆர், ஹூ இஸ் என்று முழுசாகவே எழுதட்டும். பிறகு போர்டில் இட் இஸ் எழுதி, இஸ்ஸின் முதல் எழுத்தான ஐ-யை விரலால் அழித்து, அந்தப் பள்ளத்திலேயே மேற்குறியை வை. யூ'ர், தே'ர் இரண்டிலும் ஏ விழுகிறது. டோன்ட் எழுதும்போது டி, ஓ-வுக்குப் பின்னாலேயே மேற்குறி போடுகிற (do'nt) பிள்ளை, அதை இரண்டு சொல்லின் ஒட்டு என்று நினைத்திருக்கிறது. விழுந்தது 'நாட்' (not) என்பதிலுள்ள ஓ. ஆகவே என்-னுக்கும் கடைசி டி-க்கும் நடுவில்தான் (don't) வரும். வோன்ட்டைக் (won't) கடைசிக்குத் தள்ளிவிடு. அதில் 'வில்' (will) என்பதன் உருவமே மாறிப்போகிறது.

சோதனை எளிது, விரித்துப் படிக்க வேண்டியதுதான். 'தி ஹவுஸ் அண்ட் இட் இஸ் பில்லர்ஸ்' என்று வாய்விட்டுப் படித்தால் வகுப்பே சிரிக்கும். ஆனால் இஸ் மட்டும் போட்டுப் பார்த்தால் போதாது. 'இட்'ஸ் பீன் ரெய்னிங்' என்பதில் இருப்பது ஹாஸ். இஸ் பொருந்தவில்லையே என்று பிள்ளை மேற்குறியை எடுத்துவிடும். முதல் நாளிலிருந்தே இஸ், ஹாஸ் இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொல். தமிழில் சோதிப்பதானால் 'அதனுடைய' என்று சொல்லிப் பார்க்கட்டும். 'அதோட' வேண்டாம், 'அதோட மழையும் பெய்யுது' என்று பொருள் வேறு பக்கம் போய்விடும்.

இட்ஸ், இட்'ஸ் இரண்டையும் ஒரே நாளில் நடத்தாதே. ஒத்த உருவம் இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிப்பது கஷ்டம். ஒரு வாரமாவது இடைவெளி விட்டு, அப்புறம் கலந்து கொடு. 'அங்கே' என்று பொருள்படும் 'தேர்' (there) என்பதை 'ஹியர்' (here) என்பதோடு சேர்த்து நடத்து. ஹியரின் எழுத்துகள் அதற்குள்ளேயே இருக்கின்றன.

இட்ஸ், இட்'ஸ் இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால் காது இதில் உதவாது. அதனால் டிக்டேஷன் அவசியம். பத்து வாக்கியம், மேற்குறி இல்லாதது ஆறு, உள்ளது நாலு, முறை வைக்காமல் கலந்து. நீ வாசிக்கும்போது யூ ஆர் என்று பிரித்து உச்சரித்துக் காட்டிக்கொடுத்துவிடாதே. திருத்தும்போதும் சிவப்பு மையில் நீயே மேற்குறி போடாமல் அடிக்கோடு மட்டும் இடு. பிள்ளை அதன் மேலே முழு வடிவத்தை எழுதிப் பார்த்துத் தானே முடிவு செய்யட்டும். 'யெஸ், இட்'ஸ்' என்று வாக்கியத்தை முடிப்பவர்களும் இருப்பார்கள். கடைசியில் வந்தால் சுருக்கக் கூடாது, 'யெஸ், இட் இஸ்' தான். பரீட்சையில் விண்ணப்பக் கடிதத்துக்குச் சுருக்கமே ஆகாது என்று பழக்கிவிட்டால் அங்கே பாதித் தொல்லை தீர்ந்தது.

முதல் டிக்டேஷனுக்கு நம்ம ஊர் வாக்கியங்கள் மூன்று:

இட்'ஸ் அன் ஓல்ட் ஹவுஸ், பட் இட்ஸ் ஆத்தங்குடி டைல்ஸ் ஸ்டில் ஷைன்.
ஹூ'ஸ் ஸ்டாண்டிங் இன் தி வளவு, அண்ட் ஹூஸ் பேக் இஸ் திஸ்?
தே'ர் பெயின்டிங் தேர் முகப்பு.

மற்ற ஏழையும் நீயே எழுதிக்கொள். பிள்ளைகள் எதில் தடுமாறினார்கள் என்று எழுது.

அப்பச்சி