நாய் வளர்ப்பு உரிமம்: தமிழ்நாட்டு மாநகராட்சி, நகராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர்களுக்கும் தலைவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தென் மாவட்டத்து ஊர் ஒன்றில் கால்நடை மருத்துவம் பார்ப்பவன் நான். மாடும் ஆடுமாகத் தொடங்கிய தொழில் இது. இன்று காலையில் என் கிளினிக் வாசலில் காத்திருப்பவற்றில் நாய்களே அதிகம். 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி பிட்புல், ராட்வீலர் ஆகிய இரண்டு இனங்களுக்கும் இனிப் புதிய உரிமம் இல்லை என்று முடிவெடுத்தது. நாமும் அப்படியே செய்துவிட வேண்டும் என்று சொல்பவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அப்படி ஒரு தீர்மானம் உங்கள் மன்றத்துக்கு வருமானால், கை உயர்த்தும் முன் இதைப் படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன்.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறின. அந்தக் குழந்தை பட்ட வேதனையைச் சிறிதாக்கிப் பேசும் எந்த வாதமும் எனக்கு வேண்டாம். நாயை நேசிப்பவர்கள்தான் அந்தச் செய்தியைப் படித்து எல்லாரையும் விட அதிகமாகக் கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு எங்கே தப்பு நடந்தது என்று பாருங்கள். குழந்தைகள் விளையாடும் இடத்தில், பலம் வாய்ந்த இரண்டு நாய்கள் கயிறில்லாமல் இருந்தன. அவற்றின் இடத்தில் கோம்பையோ ஜெர்மன் ஷெப்பர்டோ இருந்திருந்தாலும் அது குற்றம்தான். அதற்குத் தண்டனை தரச் சட்டமும் இருக்கிறது. ஒரு விலங்கால் மனித உயிருக்கு ஆபத்து வராதபடி பார்த்துக்கொள்ளத் தவறும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது இன்றைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு. அந்தப் பிரிவில் எந்த இனத்தின் பெயரும் கிடையாது. சரியான இடத்தில்தான் அது கை வைக்கிறது.

இனத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு விதி எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு அதே ஆண்டு மார்ச் மாதம் ஒன்றிய அரசின் கால்நடை பராமரிப்புத் துறை அனுப்பிய சுற்றறிக்கையே சாட்சி. மனித உயிருக்கு ஆபத்தானவை என்று 23 வகை நாய்களைச் சொல்லி, அவற்றின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னது அது. பட்டியலில் 'டோசா இனு' ஓரிடத்திலும் 'ஜப்பானிய டோசா' இன்னோரிடத்திலும் வருகின்றன. இரண்டும் ஒரே நாய்தான். 'டெரியர்கள்' என்று மொட்டையாக ஒரு சொல் இருக்கிறது. மடியில் வைத்துக் கொஞ்சும் யார்க்ஷயர் டெரியரும் அதற்குள் வந்துவிடும். 'பேன்டாக்' என்று பொதுவாக அழைக்கப்படும் வகை என்று ஒன்று. அது தனி இனமே அல்ல, பெரிய காவல் நாய்களைக் கலந்து உருவாக்கும் எதற்கும் ஒட்டப்படுகிற பெயர். சம்பந்தப்பட்டவர்களிடம் கலந்து பேசாமல் வெளியிட்டது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் இந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. இப்படி ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் சுகாதார ஆய்வாளர் ஒரு வீட்டு வாசலில் நின்றால் எதை வைத்து முடிவு செய்வார்? தலையைப் பார்த்தா, தாடையைப் பார்த்தா? கலப்பின நாய் ஒன்றைக் காட்டி இது என்ன இனம் என்று கேட்டால், கண்ணால் மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல என்னாலேயே முடியாது. மரபணுப் பரிசோதனையோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் இந்தத் துறையில் பழுத்தவர்களின் கணிப்பும் பலமுறை பிசகியிருக்கிறது.

இனத்துக்கும் குணத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஓட்டத்துக்கு என்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த சிப்பிப்பாறை முயலைக் கண்டால் ஓடத்தான் செய்யும். கேள்வி, அந்தத் தொடர்பு எவ்வளவு என்பது. 2022இல் 'சயன்ஸ்' இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தை பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டார்கள். 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் வாசித்தார்கள். நாய்க்கு நாய் குணம் மாறுபடுவதில் இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம்தான். சொன்ன பேச்சைக் கேட்பது போன்ற சில குணங்களில் இனத்தின் சாயல் கொஞ்சம் தெரிந்தது. ஒரு நாய் எவ்வளவு சீக்கிரம் சீறும் என்பதைச் சொல்ல இனம் ஏறக்குறைய உதவவே இல்லை. நீங்கள் விதி எழுத நினைப்பது இந்தச் சீறலைப் பற்றித்தானே?

இதன் மறுபக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெரிய நாய்க்கு நாம் கொடுத்திருக்கும் கெட்ட பெயர் எவ்வளவு அநியாயமோ, சின்ன நாய்க்குக் கொடுத்திருக்கும் பொம்மைப் பட்டமும் அதே அளவுக்கு அநியாயம். என் மேசையில் என்னை அதிகம் கடிக்கப் பார்ப்பவை பொமரேனியன்களும் டாஷ்ஹண்டுகளும்தான். ராட்வீலர் என்றால் வாய்மூடியோடு வரும், இரண்டு பேர் பிடித்திருப்பார்கள். பொமரேனியனை ஒரு பாப்பா தூக்கிக்கொண்டு வருவாள். பின்லாந்தில் ஹெல்சின்கி பல்கலைக்கழகம் 9,000க்கும் மேற்பட்ட வீட்டு நாய்களை வைத்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர்களிடம் சீறும் வாய்ப்பு பெரிய நாய்களைவிடச் சின்ன நாய்களுக்கு அதிகம் என்று தெரிந்தது. எல்லாவற்றையும் விட வலுவாகச் சீறலோடு சேர்ந்து வந்தது பயம். இனவாரியாகப் பார்த்தபோது பட்டியலின் மேல் முனையில் நின்றது, எல்லாரும் சாது என்று நினைக்கும் நீள முடி கோலி.

இதைச் சொல்வதும் சின்ன நாய்கள் மீது பழி போட அல்ல. அவை ஏன் சீறுகின்றன என்று பார்த்தால் பாவமாக இருக்கும். நீண்ட முதுகும் குட்டைக் காலுமாகப் பிறக்கும் டாஷ்ஹண்டுக்கு முதுகெலும்புத் தட்டு நழுவும் கோளாறு சாதாரணம். முன்னங்காலுக்கு அடியில் கை கொடுத்து அப்படியே தூக்கினால் அதற்கு உயிர் போகும் வலி. கடித்தால் 'திமிர் பிடித்தது' என்பார்கள். பொமரேனியனுக்கு முழங்கால் சில்லு விலகும்; பல்லில் காரை படிந்து ஈறு வீங்கும். பின்னங்காலை நொண்டிக்கொண்டு, வாய் நாற்றத்தோடு, இரண்டு வருடமாக யாரிடமும் காட்டாமல் வந்த பொமரேனியன்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றின் உறுமலைக் கேட்டு வீடே சிரித்திருக்கும். உறுமல் என்பது 'போதும், விட்டுவிடு' என்று நாய் கெஞ்சும் கடைசிப் பேச்சு. அதைப் பார்த்துச் சிரிக்கிறோம், அல்லது உறுமியதற்கு அடிக்கிறோம். அடி வாங்கி வாங்கி உறுமுவதையே நிறுத்திய நாய், அடுத்த முறை எச்சரிக்கை தராமல் கடிக்கும். பெரிய நாய்க்கும் இதே கதைதான்.

சின்ன நாய் கடித்தால் யாரும் ஊசி போடப் போவதில்லை என்பது இன்னும் மோசம். 'நம்ம வீட்டு நாய்தானே, லேசா பல்லு பட்டுருச்சு' என்று மஞ்சளைத் தடவிவிட்டு இருந்துவிடுகிறார்கள். ரேபிஸ் கிருமிக்கு நாயின் எடை ஒரு பொருட்டில்லை. எந்த நாயின் பல் பட்டுத் தோல் கிழிந்தாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆபத்து என்றால் பெரிய நாய் என்று ஊரை நம்பவைத்தால், இந்தக் கடிகளெல்லாம் கணக்கிலேயே வராமல் போகும்.

நம் ஊர் இனங்களும் இந்த அவப்பெயருக்குத் தப்பவில்லை. 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால் தலையில் போட்டுப் பெருமைப்படுத்திய நாய்களில் ராஜபாளையமும் ஒன்று. ஆனாலும் வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போது ராஜபாளையம் என்று சொன்னால் கதவு சாத்தப்படுகிறது. 'அது வெறி பிடிச்ச ஜாதி' என்கிறார்கள். அந்த வெள்ளை நாய்களில் சில குட்டிகள் பிறவியிலேயே காது கேளாமல் பிறக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. கேளாத நாயைப் பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுத் திரும்பும். அந்தத் திரும்பலில் பல் பட்டுவிடும். முன்பக்கமாக வந்து, அது கண்ணால் பார்த்த பிறகு தொட்டால் அதே நாய் வாலாட்டும். கோம்பைக்கும் இப்படி ஒரு மூர்க்கப் பட்டம் உண்டு. தேனிப் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளைகளின் நடுவே படுத்துக் கிடக்கும் கோம்பைகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

பெரிய நாயைப் பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ராட்வீலரும் பிட்புல்லும் கடித்தால் காயம் ஆழமானது. ஒரு குழந்தைக்கு அது உயிர் போகும் விஷயம். ஆகவே பலமுள்ள நாய்க்குக் கூடுதல் கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. பொது இடத்தில் குட்டையான கயிறு, பெரியவர் ஒருவரின் பிடி, வாய்மூடிக்குப் பழக்கம், உயரமான சுற்றுச்சுவர் எல்லாம் கட்டாயமாகட்டும். ஆனால் அதை எடையையும் பலத்தையும் வைத்து எழுதுங்கள். கிரேட் டேனுக்கும் லாப்ரடாருக்கும் தெருவிலிருந்து எடுத்து வளர்த்த பெரிய நாட்டு நாய்க்கும் அதே விதி பொருந்தட்டும்.

ஒரு நாயைக் கடிநாயாக மாற்றும் வழிகளில் பெரும்பாலானவை இன்றைக்கே சட்டவிரோதமானவை. பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய மூன்றரை மாதம் வரை குட்டி உலகத்தைக் கற்றுக்கொள்ளும் காலம். தாயும் கூடப்பிறந்தவையும்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று அதற்குச் சொல்லித் தருகின்றன. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. குட்டி போட்டு விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். நான்கு வாரக் குட்டியைச் செருப்பு டப்பாவில் வைத்து என்னிடம் முதல் ஊசிக்குக் கொண்டு வருகிறார்கள். வாங்கிய இடத்தில் பதிவு எண் இருந்ததா என்று கேட்டால் முழிக்கிறார்கள். பிறகு 'காவலுக்கு நல்லா வரணும்' என்று மாடிப்படியின் கீழ் ஆறடிச் சங்கிலியில் கட்டுகிறார்கள். எந்நேரமும் கட்டிப்போட்டிருக்கும் நாயை நடக்க விடாமல் வைத்திருப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் 11ஆம் பிரிவின்படி குற்றம். இதற்காக ஒருவர் மீது வழக்குப் போட்டு நான் பார்த்ததில்லை. அந்தச் சங்கிலியிலிருந்து ஒரு நாள் அறுத்துக்கொண்டு ஓடிய நாய் யாரையாவது கடித்தால், மறுநாள் பேப்பரில் வருவது அதன் இனத்தின் பெயர் மட்டும்தான்.

தடை போட்டுப் பார்த்த நாடுகளின் அனுபவம் நம் முன்னால் இருக்கிறது. பிரிட்டன் 1991இல் பிட்புல் உட்பட நான்கு வகைகளைத் தடைசெய்தது. பிட்புல்லின் வழிவந்த 'எக்ஸ்எல் புல்லி' என்ற பெரிய நாய் பிறகு பரவியது. 2023 கடைசியில் அதையும் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. நெதர்லாந்து 1993இல் கொண்டுவந்த தடையை, கடிகள் குறையவில்லை என்று கண்டு 2008இல் கைவிட்டது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. உரிமப் படிவத்தில் இனம் என்ற கட்டம் இருந்துவிட்டுப் போகட்டும். அதை வைத்து மறுக்காதீர்கள். அதோடு இன்னும் சில கேள்விகளைச் சேருங்கள்: குட்டியை விற்றவரின் பதிவு எண் என்ன, எந்த வயதில் வாங்கினீர்கள், ரேபிஸ் தடுப்பூசி எப்போது போட்டீர்கள், பகலில் அது எங்கே இருக்கும், யார் நடத்திக்கொண்டு போவார்கள், இதற்கு முன் யாரையாவது கடித்திருக்கிறதா. ஒரு நாயைப் பற்றி இரண்டாவது முறை புகார் வந்தால் கால்நடை மருத்துவர் நேரில் போய்ப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். வலியா, பயமா, கட்டிப்போட்ட கொடுமையா என்று கண்டுபிடித்துச் சொல்ல எங்களால் முடியும். உண்மையிலேயே ஆபத்தான நாய் என்றால், அது பக் ஆனாலும் பிட்புல் ஆனாலும், அதையும் எழுதித் தருவோம். உரிமையாளர் அலட்சியமானவர் என்று தெரிந்தால் அவருக்கு எந்த நாயும் வளர்க்க உரிமம் தராதீர்கள். இன்றைய தடைப் பேச்சில் விட்டுப்போவது அதுதான்: ராட்வீலர் கிடைக்காவிட்டால் அதே மனிதர் வேறொரு பெரிய நாயை வாங்கி அதே படிக்கட்டுக்கடியில் கட்டுவார்.

இனத்தைத் தடைசெய்யும் பேச்சு ஒவ்வொரு முறை எழும்போதும் என் கிளினிக்கில் நடப்பதையும் சொல்கிறேன். ஒரு தப்பும் செய்யாத, நான் குட்டியிலிருந்து பார்த்த நாயை அழைத்து வந்து, 'பக்கத்து வீட்டில் சண்டைக்கு வர்றாங்க சார், ஊசி போட்டு முடிச்சிருங்க' என்கிறார்கள். மாட்டேன் என்று திருப்பி அனுப்புகிறேன். அதில் சில நாய்கள் அதன் பிறகு எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. நாயைக் கைவிட மனமில்லாதவர்கள் வேறொன்று செய்கிறார்கள்: மறைக்கிறார்கள். அடுத்த தடுப்பூசிக்கு வருவதில்லை. வாக்கிங் நின்றுபோகிறது. போன் செய்தால், 'கிராமத்துக்கு அனுப்பிட்டோம் சார்' என்கிறார்கள். பின்னால் குரைப்புச் சத்தம் கேட்கிறது. பலமான ஒரு நாய், தடுப்பூசி இல்லாமல், வெளிச்சம் காணாமல், மனிதர்களை மறந்து ஒரு அறைக்குள் வளர்கிறது. கதவு என்றைக்காவது தவறுதலாகத் திறந்தால் வெளியே வரப்போவது அந்த நாய்தான். ஏற்கெனவே உரிமம் வாங்கியவர்களுக்குப் புதுப்பித்துத் தருவோம், தடுப்பூசிக்கு அழைத்து வாருங்கள், பறிக்க மாட்டோம் என்று உங்கள் மன்றங்கள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். இன விஷயத்தில் நீங்கள் என்ன முடிவெடுத்தாலும், இந்த ஒன்றையாவது வரும் கூட்டத்திலேயே செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கால்நடை மருத்துவர்