ஏரிக்கரையில் இருந்தால் அது குடிசை இல்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

குடும்ப அட்டைக்கு இவ்வளவு என்று அறிவித்து, நியாயவிலைக் கடை வழியாகப் பணம் கொடுக்கும் புயல் நிவாரண முறையைத் தங்கள் இதழில் வந்த கட்டுரை பாராட்டியிருந்தது. அட்டை உள்ளவர்களைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் திருவள்ளூர் முதல் கடலூர் வரை ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் பத்து, இருபது குடிசைகளாக இருக்கும் இருளர்களில் பலரிடம் அந்த அட்டை கிடையாது. தமிழகத்தில் அரசு பட்டியலிட்டுள்ள ஆறு தொன்மைப் பழங்குடிகளில் ஒன்று இருளர் சமூகம். கரை உடைந்தாலும், ஏரியின் உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழிந்தாலும் தண்ணீர் முதலில் போவது இவர்கள் குடிசைக்குள்தான்.

2024 ஃபெஞ்சல் புயலை எடுத்துக்கொள்வோம். நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட 1.68 லட்சம் கன அடி தென்பெண்ணையில் இறங்கியது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் அட்டைக்கு 2,000 ரூபாய் என்றும், சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய் என்றும் அரசு அறிவித்தது. அட்டை இல்லாத குடும்பத்துக்கு முதல் தொகை எட்டாது. இரண்டாவது தொகை கிடைக்காமல் போவது வேறு காரணத்தால்.

2022-26 காலத்துக்கான மாநிலப் பேரிடர் நிதி விதிகள் குடிசைக்கு 8,000 ரூபாய் வைத்திருக்கின்றன. கூரை, மண், பிளாஸ்டிக் விரிப்பு ஆகியவற்றால் ஆன தற்காலிக அமைப்பும் குடிசைதான் என்று விளக்கமும் தருகின்றன. அதே விதிகளில், சேதமான வீடு அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானமாக இருக்க வேண்டும் என்று ஒரு குறிப்பும் உண்டு. நீர்நிலைப் புறம்போக்கு என்றவுடன் அந்தக் குறிப்பைச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள், அதுவும் வாய்மொழியாக. எழுத்தில் மறுத்தால்தானே மேல்முறையீடு செய்ய முடியும்?

குடிசைத் தொகைக்கு வாதாடிக்கொண்டிருக்கும்போதே, மனை யாருடையது என்ற கேள்வி எழாத மற்ற உதவித்தொகைகளைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வீடு அடித்துச் செல்லப்பட்டாலோ, இரண்டு நாளுக்கு மேல் நீரில் மூழ்கிக் கிடந்தாலோ துணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500. செத்த ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. இவற்றைப் பலரும் கேட்பதே இல்லை. சேற்றை வாருவதற்கு முன்பே, சுவரில் நீர் நின்ற கோடு தெரியும்படியும் குடும்பத்தலைவி அருகில் நிற்கும்படியும் படம் எடுங்கள். மூழ்கிய தேதி, வடிந்த தேதி இரண்டையும் எழுதுங்கள்; ‘இரண்டு நாள்’ என்ற நிபந்தனை அங்கேதான் நிரூபணமாகிறது. ஆடு, கோழி செத்திருந்தால் புதைப்பதற்கு முன் படமும், முடிந்தால் கால்நடை மருத்துவர் கையெழுத்தும் வேண்டும். குடியிருப்புக்கு ஒரே மனுவாகக் கொடுக்காமல் குடும்பத்துக்கு ஒன்றாக வட்டாட்சியரிடம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அந்த ஒப்புகை நகலை இணைத்துக் கொடுங்கள்.

பொருள் கொண்டுவருபவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய துணி மூட்டைகளைத் தயவுசெய்து இறக்காதீர்கள். பாதி அங்கேயே ஈரத்தில் மக்கிக் கிடக்கிறது. முதல் மூன்று நாள் சமைத்த உணவுதான் உதவும். விறகு நனைந்திருக்கும்போது அரிசி மூட்டை பயனில்லை. அதன்பின் ஐந்து பேர் குடும்பத்துக்குப் பத்து நாளைக்கு 20 கிலோ அரிசி, 2 கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய், உப்பு, புளி, மிளகாய்த்தூள், கூடவே ஒரு கட்டுக் காய்ந்த விறகு. மூடியுள்ள குடம் இரண்டு, பாய் இரண்டு, பெரிய கொசுவலை ஒன்று.

தார்ப்பாய் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. மலிவான மெல்லிய நீல விரிப்பு இரண்டு வாரக் காற்றுக்குத் தாங்காது. கனமானதாக, 18 அடிக்கு 12 அடியாவது வேண்டும். அதோடு ஆறு சவுக்குக் கழியும் இருபது மீட்டர் நைலான் கயிறும் தராவிட்டால் அது வெறும் போர்வைதான். பெரும்பாலும் கிழிவது ஓரத்து வளையத்தில். மூலையில் ஒரு கூழாங்கல்லை வைத்துச் சுற்றி, அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டினால் இழுப்பு பரவிவிடும். நடுவே தாழ்வு விடாமல் சாய்வாகக் கட்டுங்கள். நீர் தேங்கினால் கழியும் சேர்ந்து சாயும்.

எல்லாரும் மறப்பது தொழில் கருவி. வரப்பில் எலி வெட்டக் கடப்பாரை, மண்வெட்டி, மீனுக்கு வீச்சுவலை, சவுக்கு வெட்ட அரிவாள். வெள்ளத்தில் இவை போய்விட்டால் நீர் வடிந்த பிறகும் அந்தக் குடும்பத்துக்குக் கூலி இல்லை. செங்கல் சூளைகள் மழைக்காலத்தில் ஓடுவதில்லை. பொங்கலை ஒட்டித்தான் ஆள் எடுப்பார்கள். அதற்கான முன்பணத்தோடு தரகர் வருவது சரியாகக் கார்த்திகை, மார்கழியில். குடிசை போய், கருவி போய் நிற்கும் குடும்பம் 20,000, 30,000 என்று நீட்டினால் வாங்காமல் என்ன செய்யும்? கணக்கு எழுதுவது சூளைக்காரர். கடன் ஆடியிலும் தீராது. முன்பணத்தைச் சொல்லி ஆளை வெளியே விடாமல் வைத்திருந்தால் அது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். கோட்டாட்சியரிடம் புகார் கொடுக்கலாம். மீட்கப்பட்டவருக்கு உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். அதற்கு முன்பாக, ஒரு வலையும் ஒரு கடப்பாரையும் பத்து நாளுக்குள் கையில் கிடைத்தால் பல குடும்பங்கள் தரகரிடம் போகவே போகாது.

அடுத்தது ஆவணம். ஆதார், அட்டை நகல்களை ஜிப் உறையில் போட்டுக் கூரைக் கழியில் கட்டச் சொல்லுங்கள். பெட்டியில் வைத்தால் பெட்டியோடு போகும். சூளை வேலையில் கைரேகை தேய்ந்தவர்களுக்கு ஆதார் மையத்தில் கருவிழிப் பதிவைக் கேளுங்கள். பழங்குடியினர் சாதிச் சான்றுக்கு இ-சேவையில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் வழியாகக் கோட்டாட்சியருக்குப் போகும். எங்கே தேங்குகிறது என்று விண்ணப்ப எண்ணை வைத்துப் பின்தொடர ஓர் ஆள் வேண்டும். 1989 நவம்பர் 11க்கு முன் வட்டாட்சியர் கொடுத்த பழைய சான்று தாத்தா, பெரியப்பா யாரிடமாவது இருந்தால் அதைத் தேடி இணையுங்கள். விசாரணை பாதியாகக் குறையும்.

நிரந்தர இடம் பற்றி. நீர்நிலையில் பட்டா தர முடியாது. 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. எனவே மாற்று மனைதான் வழி. ஆனால் மாற்று மனையைச் சித்திரையில் போய்ப் பார்க்கிறார்கள்! சித்திரையில் எந்தப் பள்ளமும் மேடுதான். கார்த்திகையில் பாருங்கள், முடியாவிட்டால் பக்கத்து நிலத்துக்காரரிடம் கலங்கல் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேளுங்கள். பாதையும் சுடுகாட்டு வழியும் புல வரைபடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நில அளவர் வந்து கல் நடாத பட்டாவை வாங்கிக்கொண்டு விழாவில் கைதட்டுவதால் பயனில்லை. தங்களுக்குக் கொடுத்த மூன்று சென்ட் மனை எது என்று தெரியாமலே வருடங்கள் ஓடும். வேலைக்கும் மீனுக்கும் எட்டாத தூரத்தில் மனை கொடுத்தாலும், உறவுகளைப் பிரித்து ஆளுக்கொரு ஊரில் கொடுத்தாலும் அவர்கள் பழைய கரைக்கே திரும்புவார்கள். அப்போது ‘கொடுத்தும் போகவில்லை’ என்று அவர்கள் மேலேயே பழி விழும். தொன்மைப் பழங்குடிகளுக்காக 2023 நவம்பரில் தொடங்கிய பி.எம். ஜன்மன் வீட்டுத் திட்டத்தில் மத்திய அரசு வீட்டுக்கு 2 லட்சம் ரூபாய் கணக்கிடுகிறது. பணம் கட்டட நிலைக்கேற்பத் தவணையாகத்தான் வரும். குடும்பம் சூளைக்குப் போன மாதங்களில் அடித்தளத்தோடு வேலை நின்றுவிடும். உள்ளூரில் பொறுப்பான ஒருவர் மேற்பார்வைக்கு இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் அடிப்படை ஒரு பட்டியல். ஏரிவாரியாக, குடிசைவாரியாக, அட்டை உண்டா, சான்று உண்டா, ஆடு கோழி எத்தனை என்று ஐப்பசி பிறப்பதற்குள் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்தோடு வட்டாட்சியரிடம் வைத்துவிட்டால், வெள்ளத்துக்குப் பின் ‘இங்கே குடிசை இருந்ததா?’ என்ற கேள்வியே எழாது. நிவாரணமும் அட்டையைப் பார்க்காமல் அந்தப் பட்டியலைப் பார்த்துத் தரப்பட வேண்டும். விடுபட்டவர்களுக்கு மாசி மகம் இருக்கிறது. கன்னியம்மனை வழிபட இருளர்கள் பல மாவட்டங்களிலிருந்தும் மாமல்லபுரம் கடற்கரையில் வந்து கூடுகிறார்கள். ஆதார், அட்டை, சாதிச் சான்று மூன்றுக்கும் முகாமை அங்கே, அந்த மணலிலேயே போடலாம். முந்தைய நாள் காலையிலேயே தொடங்கிவிட வேண்டும், பௌர்ணமி விடிந்ததும் கூட்டம் கலையத் தொடங்கிவிடும்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
திண்டிவனம் வட்டம்