உரிமத்தோடு கருத்தடையும் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னையில் செல்லப் பிராணிகளுக்கு உரிமம் பெறுவதையும் மைக்ரோசிப் பொருத்துவதையும் மாநகராட்சி கட்டாயமாக்கியிருப்பது பற்றிய செய்தியைப் படித்தேன். வரவேற்க வேண்டிய நடவடிக்கைதான். எனினும், வெறிநோய்த் தடுப்பூசிக்குத் தரப்படும் அழுத்தம் கருத்தடை அறுவை சிகிச்சைக்கும் தரப்பட்டால்தான் இதன் பயன் முழுமையாகும். 2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், வளர்ப்புப் பிராணிகளின் தடுப்பூசியோடு கருத்தடைக்கும் உரிமையாளரையே பொறுப்பாக்குகின்றன. நாமோ தெருநாய்களைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டு, வீடுகளில் பிறந்து தெருவில் விடப்படும் குட்டிகளை மறந்துவிடுகிறோம்.

பெரம்பூரில் எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டுப் பூனை ஈன்ற குட்டிகளை, எடுத்து வளர்க்க ஆளில்லாததால், மார்க்கெட் ஓரத்தில் விட்டுவந்தார்கள். அவை பால்குடியை மறப்பதற்குள் தாய்ப்பூனை மீண்டும் சினையாகிவிட்டது. ஐந்தாறு மாத வயதிலேயே கருத்தரிக்கக்கூடிய, ஏறத்தாழ 63 நாள்களில் குட்டி ஈனும் பிராணியிடம் இது வியப்பல்ல. ‘ஒருமுறையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது’ என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை என்பது மட்டுமன்று, கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தான நோயையும் கருத்தடை தடுக்கிறது. தனியார் மருத்துவமனைகளின் கட்டணம் நடுத்தரக் குடும்பங்களையே தயங்க வைப்பதால், மாநகராட்சியின் செல்லப் பிராணிகள் சிகிச்சை மையங்களில் வாரம் ஒரு நாளாவது சலுகைக் கட்டணத்தில் இந்த அறுவை சிகிச்சையைச் செய்யவும், கருத்தடை செய்த பிராணிகளுக்கு உரிமக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யவும் மாநகராட்சி முன்வர வேண்டும்.

வாசகர், பெரம்பூர், சென்னை